மது தொடாதவர்களுக்கு ககேத்தியில் என்ன இருக்கிறது?

உங்கள் கேள்வி இதுதான்: மகள் ஜார்ஜியாவின் தலைநகர் திபிலீசியில் மருத்துவம் படிக்கிறாள். செப்டம்பர் கடைசி வாரத்தில் நீங்களும் மனைவியும் அவளைப் பார்க்கப் போகிறீர்கள். போகிற இடத்தில் எல்லோரும் அந்த நாட்டின் கிழக்கே உள்ள ககேத்திக்குப் போய்வரச் சொல்கிறார்கள். ஆனால் வீட்டில் யாரும் மது தொடுவதில்லை, மனைவி சுத்த சைவம். ஒயினுக்குப் பேர்போன கிராமங்களில் உங்களுக்கு என்ன வேலை? அப்படியே போனாலும் ஒருநாள் பேருந்துச் சுற்றுலா போதாதா?

கட்டாயம் போங்கள். ஒருநாள் போதாது, இரண்டு இரவு ஒதுக்குங்கள். அதுவும் செப்டம்பர் கடைசி என்கிறீர்கள். வருடத்தில் அதைவிட நல்ல வாரம் அந்த ஊருக்குக் கிடையாது.

வேலை காரணமாக நான் திபிலீசியில் நான்கு வருடம் இருந்தேன். முதல் தடவை ககேத்திக்குப் போனது நீங்கள் சொல்கிற மாதிரி ஒருநாள் சுற்றுலாவில்தான். காலை ஒன்பது மணிக்கு வண்டியில் ஏற்றினார்கள். இரவு பத்து மணிக்குள் எட்டு இடம். இடத்துக்கு இருபது நிமிடம், இறங்கு, படம் எடு, ஏறு. நடுவில் மூன்று கடைகளில் குட்டிக் குட்டிக் கோப்பைகளில் ஊற்றிக் கொடுத்தார்கள். திரும்பும்போது எந்தத் தேவாலயம் எந்த ஊரில் இருந்தது என்றே நினைவில்லை. இவ்வளவுதானா ககேத்தி என்று நினைத்துவிட்டேன். மறுவருடம் கூட வேலைசெய்த ஒருவர் ககேத்தியின் தெலாவி நகருக்குப் பக்கத்திலுள்ள தன் மாமனார் வீட்டுக்கு அறுவடைக்குக் கூப்பிட்டார். அங்கே கழித்த இரண்டு நாளுக்குப் பிறகு, நான்கு வருடத்தில் ஒரு பத்துப் பன்னிரண்டு தடவை போயிருப்பேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் ஊர் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். ககேத்தி ஜார்ஜியாவின் கிழக்குக் கோடி. வடக்கே பெரிய காக்கசஸ் மலை சுவர் எழுப்பினாற்போல நிற்கும். அந்த மலைக்கு அந்தப் பக்கம் ரஷ்யாவின் தாகெஸ்தான். தெற்கே கோம்போரி என்று சிறிய மலைத்தொடர். இரண்டுக்கும் நடுவே அலசானி ஆறு ஓடுகிறது. ஆற்றின் இரு கரையிலும் கண்ணுக்கு எட்டும்வரை திராட்சை. கம்பம், சின்னமனூர்ப் பக்கம் தலைக்கு மேல் பந்தல் போட்டு, பந்தலுக்கு அடியில் நிழலில் நடப்போமே, அப்படி இருக்காது. இங்கே இடுப்பு, மார்பு உயரத்துக்குக் கம்பி கட்டி, வரிசை வரிசையாகப் படரவிட்டிருப்பார்கள். குளிர்காலத்தில் கொடி உறங்கிவிடும் என்பதால் வருடத்துக்கு ஒரே அறுவடை. அந்த ஒரு அறுவடையில்தான் குடும்பத்தின் வருட வரவு இருக்கிறது. ஆலங்கட்டி மழை இந்தப் பள்ளத்தாக்கின் பெரிய சாபம். ஆகஸ்ட் மாதம் மலைப்பக்கம் மேகம் கறுத்தால் ஊரே வாசலில் வந்து நிற்கும். அரை மணி நேரம் கல்மழை பெய்தால் வருட உழைப்பு தரையில் கிடக்கும். மேகத்தைக் கலைக்க ராக்கெட் விடும் ஏற்பாட்டை அரசாங்கமே நடத்துகிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். குடிக்காதவருக்கு அங்கே என்ன? பானை இருக்கிறது. தரைக்கு அடியில் கழுத்துவரை புதைத்து வைத்த பானை.

அதன் பெயர் குவேவ்ரி. நம் அருங்காட்சியகங்களில் பழைய தாழிகள் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அந்த உருவம்தான், ஆனால் அடிப்பக்கம் முட்டைபோலக் கூர்ந்து இறங்கும். இருபது லிட்டர் பிடிக்கிற சின்னதும் உண்டு, பல ஆயிரம் லிட்டர் பிடிக்கிற, ஓர் ஆள் உள்ளே நின்றால் தலை வெளியே தெரியாத பெரியதும் உண்டு. இவ்வளவு பெரிய பானையைச் சக்கரத்தில் வனைய முடியாது. களிமண்ணைத் தடித்த கயிறாகத் திரித்து, ஒரு சுற்று வைத்து, அது கொஞ்சம் இறுகியபின் அடுத்த சுற்று என்று கையாலேயே எழுப்புகிறார்கள். அவசரப்பட்டால் தன் பாரத்திலேயே சரிந்துவிடும் என்பதால் ஒரு பானை எழும்ப வாரக்கணக்கில் ஆகும். பிறகு சூளையில் பல நாள் சுடுவார்கள். சூடு முழுக்க ஆறுவதற்குள் உட்பக்கம் தேன்மெழுகு பூசுவார்கள். சுட்ட மண்ணின் நுண்துளைகளுக்குள் மெழுகு இறங்கிவிடும். தெலாவியை ஒட்டிய வர்திசுபானி கிராமத்தில் இந்தப் பானை செய்யும் குயவர் குடும்பம் இருக்கிறது. முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனால் வேலை நடக்கிற கொட்டிலைப் பார்க்கலாம். உங்கள் மனைவிக்கு இது நிச்சயம் பிடிக்கும். மண்ணைத் தட்டித் தட்டி அவர்கள் பதம் பார்க்கிற விதத்தில் நமக்குத் தெரியாதது எதுவும் இருக்காது.

பானையைப் புதைத்து வைத்திருக்கும் அறைக்கு மரானி என்று பெயர். உள்ளே நுழைந்தால் தரையில் வட்ட வட்டமாக வாய்கள் மட்டும்தான் தெரியும். திராட்சையை மிதித்துப் பிழிந்த சாறு, அதோடு தோல், விதை, காம்பு எல்லாவற்றையும் அப்படியே உள்ளே விடுவார்கள். நுரைத்துப் பொங்கும், மேலே மிதந்து வரும் தோலை நாளைக்குப் பலதடவை கட்டையால் அமுக்கிவிட வேண்டும். பொங்கி அடங்கியதும் கல்லோ மரமோ வைத்து மூடி, ஈரக் களிமண்ணால் விளிம்பை அடைத்துவிட்டால் பிறகு வசந்தகாலத்தில்தான் திறப்பார்கள். அந்த ஐந்தாறு மாதம் ஆள் கை படாமலே உள்ளே வேலை நடக்கிறது. விதைதான் அதிகக் கசப்பு, அது முதலில் கூர்ந்த அடிக்குள் போய் அமர்ந்துகொள்ளும். அதன்மேல் வண்டல் படிந்து மூடிவிடுவதால் கசப்பு மேலே ஏறாது. சுற்றிலும் மண் என்பதால் வெளியே என்ன வெயில் அடித்தாலும், பனி பெய்தாலும் உள்ளே குளிர்ச்சி மாறாது. பம்பு கிடையாது, வடிகட்டி கிடையாது. பானையின் உருவமே எல்லாவற்றையும் செய்கிறது. வெள்ளைத் திராட்சையைத் தோலோடு ஊறவிடுவதால் கடைசியில் வருவது தேன் நிறத்தில் இருக்கும். இந்தப் பானை முறையை 2013இல் யுனெஸ்கோ மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. திபிலீசிக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டரில் கதாச்ரிலி கோரா என்ற பழங்கால மேட்டில் கிடைத்த பானை ஓடுகளைச் சோதித்து, அதில் திராட்சை மதுவின் எச்சம் இருப்பதை 2017இல் அறிவித்தார்கள். காலம் கி.மு. 6000ஐ ஒட்டியது. அந்த மேடு ககேத்தியில் இல்லை, பக்கத்து மாகாணத்தில் இருக்கிறது. பயண வழிகாட்டிகள் இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்வார்கள், கவனியுங்கள்.

காலிப் பானையைக் கழுவுவது தனிக் கலை. நீண்ட கழியின் நுனியில் செர்ரி மரப்பட்டைகளை அடுக்கிக் கட்டிய தேய்ப்பான் ஒன்று வைத்திருப்பார்கள். வாய்க்கு மேலே நின்றுகொண்டே தண்ணீர் விட்டுத் தேய்த்துத் தேய்த்து இறைப்பார்கள். இறைத்த தண்ணீர் குடிக்கிற அளவு தெளிவாக வரும்வரை விடமாட்டார்கள். பெரிய பானைக்குள் ஆள் இறங்கித்தான் ஆகவேண்டும். நான் தங்கிய வீட்டில் இறங்கும் முன் கயிற்றில் மெழுகுவர்த்தியைக் கட்டி உள்ளே விட்டார்கள். நம்மூரில் தூர்வார இறங்கும் முன் கிணற்றுக்குள் விளக்கை இறக்கிப் பார்ப்பார்களே, அதே காரணம்தான். கெட்ட காற்று தங்கியிருந்தால் சுடர் அணைந்துவிடும். நான் கிணற்றுக் கதையைக் கைச்சாடையில் சொன்னபோது பெரியவர் என் தோளைத் தட்டி, மெழுகுவர்த்திக் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டார்.

செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை அறுவடை. ர்த்வேலி என்பார்கள். அந்த நாட்களில் தலைநகரில் வேலைசெய்கிற பிள்ளைகள், அத்தை மாமா வீடுகள், பக்கத்து வீட்டார் எல்லோரும் வந்துவிடுவார்கள். பொங்கலுக்கு ஊர் நிறைவது மாதிரி. விடிந்ததும் ஆளுக்கு ஒரு வாளி, ஒரு கத்தரி. வரிசையின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், இலைகளுக்கு நடுவே முகம் தெரியாமலே பேசிக்கொண்டு வெட்டிப் போவார்கள். சபெராவி என்ற கறுப்புத் திராட்சை வெட்டினால் கை சாயத்தில் முக்கியதுபோல ஆகிவிடும். சபெராவி என்ற சொல்லுக்கே சாயம் என்பதுதான் பொருள். சாதாரணக் கறுப்புத் திராட்சையில் தோல்தான் கறுப்பு, சதை வெளிறியிருக்கும். இதில் சதையும் சிவப்பு. மூன்று நாள் என் விரல் நகத்தில் அந்த நிறம் இருந்தது. வெள்ளையில் ர்கத்சிதெலிதான் அதிகம். கீசி, ஹிஹ்வி என்று பெயர் கேட்டிராத வகைகளும் உண்டு. ஜார்ஜியாவுக்கே சொந்தமான திராட்சை வகைகள் ஐந்நூறுக்கு மேல்.

அந்த வீட்டில் சாறு ஊற்றிய மறுநாள் காலை, பாட்டி என்னை மரானிக்குக் கூட்டிப்போனார். பாட்டியை அங்கே பேபியா என்பார்கள். (சொல்ல மறக்காமல் இருக்க இங்கேயே சொல்கிறேன்: ஜார்ஜிய மொழியில் அம்மா 'தேதா', அப்பா 'மாமா'. அந்த வீட்டுக் குழந்தை அப்பாவை மாமா மாமா என்று கூப்பிடுவதைக் கேட்டு முதல்நாள் முழுக்க உறவுமுறை புரியாமல் இருந்தேன்.) பேபியா தரையில் மண்டியிட்டு, பானை வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, என்னையும் கேட்கச் சொன்னார். அடுத்த அறையில் உலை கொதித்தால் கேட்குமே, மெல்லிய தளதளப்பு, அந்தச் சத்தம். அடுப்பு இல்லை, நெருப்பு இல்லை. குளிர்ந்த மண்ணுக்கு அடியில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. அடுத்த பானைக்குப் போய்க் கேட்டார், முகம் சுளித்தார், மகனைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். சத்தத்தை வைத்தே எந்தப் பானை எந்த நிலையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிகிறது. நான் அன்று ஒரு மிடறு குடிக்கவில்லை. ககேத்தியில் நான் பார்த்ததிலேயே சிறந்தது அதுதான்.

இன்னொன்று, இது முழுக்க உங்களுக்கானது: சுர்ச்ஹேலா. கடைகளில் மெழுகுவர்த்திக் கொத்துபோலத் தொங்கும். வால்நட் பருப்பைப் பாதிப் பாதியாக நூலில் கோத்து, திராட்சைச் சாற்றில் முக்கி எடுத்துக் காயவைப்பது. சர்க்கரை சேர்ப்பதில்லை. புதுச் சாற்றைப் பெரிய கொப்பரையில் சுண்டக் காய்ச்சி, மாவைக் கரைத்து விட்டு, அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் ஓடாமல், ஒட்டவும் செய்யாமல் வழிய வேண்டும். அல்வா கிண்டியவர்கள் அந்தப் பதத்தைப் பார்த்த உடனே புரிந்துகொள்வார்கள். அறுவடை நேரத்தில் எந்த வீட்டு முற்றத்திலும் இது நடக்கும். மிச்சக் கூழைத் தட்டில் ஊற்றிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். அதைச் சூடாகச் சாப்பிட்டுப் பாருங்கள். காய்ந்த சுர்ச்ஹேலா மாதக்கணக்கில் கெடாது. போருக்குப் போகிறவர்கள் கட்டுச்சோறாகக் கொண்டுபோனது என்பார்கள்.

இந்தப் பானையும் மரானியும் எப்படித் தப்பின என்பதும் தெரிந்துகொண்டு போங்கள், பார்ப்பதற்கு அர்த்தம் கூடும். சோவியத் காலத்தில் திராட்சை முழுக்கப் பெரிய ஆலைகளுக்குப் போனது. அதிக விளைச்சல் தரும் சில வகைகள் போதும் என்று விட்டார்கள். 1985இல் கோர்பச்சேவ் மதுவுக்கு எதிரான இயக்கம் தொடங்கியபோது தோட்டங்கள் வேரோடு பிடுங்கப்பட்டன. பிறகு, 2006இல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினுக்குத் தடை போட்டது. ஏற்றுமதியின் பெரும்பகுதி அந்த ஒரே சந்தையை நம்பி இருந்ததால் கிராமங்கள் நிலைகுலைந்தன. 2013வரை அந்தக் கதவு மூடியே இருந்தது. ஆனால் எல்லாக் காலத்திலும் வீட்டுக்குப் பின்னால் சில வரிசை கொடியும், தரைக்கடியில் இரண்டு பானையும் குடும்பத்துக்கென்று இருந்தன. அந்த வகைகள் அழியாமல் நின்றது அந்தக் கொல்லைகளில். தடை வந்தபின் வேறு நாடுகளில் விற்க வேண்டிய கட்டாயம் ஏற்பட்டபோது, மற்றவர்களிடம் இல்லாத சரக்கு இவர்களிடம் இருந்தது பானை மட்டும்தான். இன்று உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் வந்து ககேத்திக் கொல்லைகளில் மண்டியிட்டுப் பானைக்குள் எட்டிப்பார்க்கிறார்கள். எனக்கு அதில் உண்மையான சந்தோஷம்.

பார்க்க வேண்டிய இடங்களை ஒரு வட்டமாகவே சொல்லிவிடுகிறேன், அப்படிப் போனால் வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை.

திபிலீசியிலிருந்து கிழக்கே சிக்னாகி, சுமார் 110 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். மலை விளிம்பில் உட்கார்ந்த சிறிய ஊர். பதினெட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் எரெக்லே மன்னர் தாகெஸ்தான் பக்கத்துக் கொள்ளைப் படையெடுப்பிலிருந்து மக்களைக் காக்கக் கட்டிய மதில் இன்றும் நான்கு கிலோமீட்டருக்கு மேல் வளைந்து ஓடுகிறது, 23 கோபுரங்கள். ஊரை 2007ஐ ஒட்டிப் புதுப்பித்தார்கள். கொஞ்சம் அலங்காரம் அதிகம் என்று எனக்குத் தோன்றும், ஆனாலும் முதல் இரவை இங்கேயே தங்குங்கள். காரணம் விடியற்காலை. ஆறு மணிக்கு மதில்மேல் போய் நின்றால் கீழே அலசானி சமவெளி முழுக்கப் பனிமூட்டம் பால்போல நிறைந்திருக்கும். அதற்கு அந்தப் பக்கம் காக்கசஸ் முகடு மட்டும் மிதக்கும். வெயில் ஏற ஏற மூட்டம் விலகி, திராட்சை வரிசைகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கும். ஒருநாள் சுற்றுலாக்காரர்கள் வருவது பதினொரு மணிக்கு. அவர்களுக்கு இது கிடைக்காது.

அங்குள்ள அருங்காட்சியகத்தில் நீகோ பிரோஸ்மானியின் ஓவியங்கள் இருக்கின்றன. 1862இல் பக்கத்து மிர்சானி கிராமத்தில் பிறந்தவர். யாரிடமும் முறையாகப் படிக்காதவர். திபிலீசி சாராயக்கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதி, சுவருக்குப் படம் வரைந்து, பல நேரம் அதற்குக் கூலியாகச் சாப்பாடு வாங்கிப் பிழைத்தார். கறுப்பு எண்ணெய்த்துணியில் வரைந்ததால் படத்தில் கறுப்புத் தேவைப்பட்ட இடத்தை வரையாமலே விட்டுவிடுவார். 1918இல் வறுமையில் இறந்தார். மதிய வெயிலில் அந்தக் கூடத்தில் ஆள் இருக்காது. விருந்துப் பந்தியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் அந்த முகங்களின் முன் கொஞ்ச நேரம் நில்லுங்கள். மாலையில் கிராமத்து வீட்டில் அதே முகங்களை நேரில் பார்ப்பீர்கள்.

சிக்னாகியிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் போத்பே கன்னிமாடம், நான்காம் நூற்றாண்டில் இந்த நாட்டுக்குக் கிறித்தவத்தைக் கொண்டுவந்த புனித நீனோவின் சமாதி. அவர் கையில் இருந்த சிலுவை திராட்சைக் கொடியின் குச்சிகளால் ஆனது, தன் கூந்தல் இழையாலேயே கட்டினார் என்பது மரபு. கொடிக்குச்சி நேராக நிற்காதே, அதனால் ஜார்ஜியச் சிலுவையின் கைகள் இரண்டும் கீழ்நோக்கித் தொய்ந்திருக்கும். இதைத் தெரிந்துகொண்டால் பிறகு போகிற ஒவ்வொரு தேவாலயத்திலும் அந்தத் தொய்வைக் கவனிப்பீர்கள்.

மறுநாள் கீழே இறங்கி ஆற்றைக் கடந்து வடகரை வழியாகப் போங்கள். குவாரெலியில் சோவியத் காலத்தில் மலையைக் குடைந்து அமைத்த ஒயின் சுரங்கம் இருக்கிறது, மொத்தம் 7.7 கிலோமீட்டர், எப்போதும் 12 முதல் 14 டிகிரி. பிரம்மாண்டம்தான், ஆனால் பானை மரானியைப் பார்த்தவர்களுக்கு அவசியமில்லை. அடுத்து கிரேமி: பதினாறாம் நூற்றாண்டில் ககேத்தி அரசின் தலைநகராக இருந்து, பாரசீக ஷா அப்பாஸின் படைகளால் 1616ஐ ஒட்டி அழிந்த நகரம். குன்றின்மேல் செங்கல் தேவாலயமும் கோட்டைக் கோபுரமும் மட்டும் மிச்சம்.

அலவெர்திக்கு நிறைய நேரம் வையுங்கள். சமவெளி நடுவே, சுற்றிலும் ஒன்றுமில்லாமல், 50 மீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கும் பதினோராம் நூற்றாண்டுப் பேராலயம். தஞ்சைப் பெரிய கோயிலும் அதே நூற்றாண்டுதான். தூரத்திலிருந்து வரும்போது முதலில் சின்னதாகத்தான் தெரியும். கிட்டே வந்து வாசலுக்குள் நுழைந்ததும் தலை தானாக மேலே போகும். உள்ளே பூச்சு உதிர்ந்த சுவர், மெழுகுவர்த்தி வாசம், மற்றபடி வெறுமை. துறவிகள் இன்றும் மடத்து மரானியில் பானையில் ஒயின் செய்கிறார்கள். அவர்களுக்கு அது வழிபாட்டின் பகுதி. மனைவியிடம் துப்பட்டாவோ சேலை முந்தானையோ இருந்தால் தலைக்குப் போதும். நீங்கள் முழங்கால் தெரிகிற உடையில் போகாதீர்கள். பக்கத்தில் இகால்தோ மடம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கல்விக்கூடம் நடந்த இடம். மாணவர்களுக்குத் தத்துவத்தோடு திராட்சை வளர்ப்பும் கற்பித்தார்கள் என்பார்கள். முற்றத்தில் பழைய பானைகள் உடைந்து கிடக்கும். தரைக்கு மேலே முழு உருவத்தையும் பார்க்க நல்ல இடம் அது.

இரண்டாவது இரவு தெலாவியில், அதைவிடச் சுற்றியுள்ள கிராமத்து வீடு ஒன்றில். தெலாவியில் தொள்ளாயிரம் வயது என்று சொல்லப்படும் சினார் மரம் இருக்கிறது. கை கோத்துச் சுற்றிப் பார்க்கக் குறைந்தது ஏழெட்டுப் பேர் வேண்டும். மறுநாள் காலை சினந்தாலி. கவிஞரும் படைத்தலைவருமான அலெக்சாந்தர் சவ்சவாத்சே இளவரசரின் மாளிகை, தோட்டம். ஐரோப்பிய முறையில் ஒயினைப் புட்டியில் அடைப்பதை ஜார்ஜியாவில் தொடங்கியவர் அவர்தான். நிலவறையில் 1841ஆம் ஆண்டுப் புட்டி இன்னும் இருக்கிறது. 1854இல் மலைக்கு அப்பால் இருந்து, ரஷ்யாவை எதிர்த்துப் போராடிய தாகெஸ்தான் தலைவர் இமாம் ஷாமிலின் ஆட்கள் இறங்கி வந்து, வீட்டைக் கொளுத்தி, இளவரசரின் மருமகளையும் குழந்தைகளையும் மலைமேல் கொண்டுபோனார்கள். எட்டு மாதம் கழித்து, சிறுவயதில் ரஷ்யர்கள் பிணையாகப் பிடித்துச் சென்ற ஷாமிலின் மகனைக் கொடுத்து அவர்களை மீட்டார்கள். அந்த மகனோ ஜார் அரண்மனையில் வளர்ந்து, தாய்மொழியே மறந்து, விருப்பமில்லாமல் திரும்பிப்போய்ச் சில வருடங்களில் இறந்துபோனான். நந்தவனத்து நிழலில் உட்கார்ந்து வடக்கே பார்த்தால் அவர்களை ஏற்றிக்கொண்டுபோன அந்த மலை எதிரே நிற்கும்.

அங்கிருந்து கோம்போரி கணவாய் வழியாகத் திபிலீசிக்கு இறங்கிவிடலாம்; 70 கிலோமீட்டர்தான், ஆனால் வளைவுகள். குமட்டல் வருபவர்கள் முன் இருக்கையில் உட்காருங்கள்.

சாப்பாட்டுக்குப் பயப்படவே வேண்டாம். ஒரே ஒரு சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 'சமார்க்வோ'. நோன்பு உணவு என்று பொருள். ஜார்ஜியத் திருச்சபை நோன்பில் இறைச்சி, முட்டை, பால் எதுவும் கிடையாது. அதனால் இந்த ஒரு சொல் போதும், எந்தப் பாட்டிக்கும் என்ன சமைப்பது என்று தெரியும். சைவம் என்று விளக்கப்போனால் கோழியைக் கொண்டுவந்து வைப்பார்கள். கத்தரிக்காயில் வால்நட் விழுது சுருட்டியது, மண்சட்டியில் கொத்துமல்லி போட்டுக் காய்ச்சிய சிவப்புப் பீன்ஸ் லோபியோ, கீரையும் வால்நட்டும் அரைத்துப் பிடித்த ப்ஹலி, புளிப்பு பிளம் சட்னி. கொத்துமல்லித் தழையும் பூண்டும் நம் அளவுக்கே போடுவார்கள். வெந்தயத்தின் ஒன்றுவிட்ட உறவான நீல வெந்தயமும் உண்டு. பால் பொருள் பரவாயில்லை என்றால் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட ஹச்சபுரியும் கேளுங்கள். ரொட்டி சுடுவதைப் பார்க்கத் தவறாதீர்கள். தோனே என்ற ஆளுயர மண் அடுப்பின் வாய்க்குள் சுடுபவர் தலைகீழாகக் கவிழ்ந்து, கால் தரையைவிட்டு எழும்ப, உள்சுவரில் மாவை அறைந்துவிட்டு நிமிர்வார். படகுபோல நீண்ட ஷோத்தி ரொட்டி பத்து நிமிடத்தில் கையில்.

விருந்துக்குச் சுப்ரா என்று பெயர். தமதா என்று ஒருவர் தலைமை வகித்து, ஒவ்வொரு கோப்பைக்கும் முன் எழுந்து பேசுவார். அமைதிக்காக, இறந்தவர்களுக்காக, பெற்றவர்களுக்காக, வந்த விருந்தாளிக்காக. வீட்டில் யாராவது ஆங்கிலம் தெரிந்தவர் இருந்தால் மொழிபெயர்க்கச் சொல்லுங்கள், அந்தப் பேச்சுதான் விருந்து. நீங்கள் குடிக்கமாட்டீர்கள் என்பதை வீடு முன்பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள். மேசையில் உட்கார்ந்தபின் சொன்னால் இரண்டு தடவை வற்புறுத்துவார்கள்; முன்பே சொன்னால் பழக்கூட்டுத் தண்ணீரோ திராட்சைச் சாறோ கோப்பையில் ஊற்றி வைத்திருப்பார்கள். அதை உயர்த்தி 'கௌமர்ஜோஸ்' என்றால் போதும், யாரும் குறையாக நினைக்கமாட்டார்கள். ஒரு எச்சரிக்கை: அறுவடைச் சாறு நேற்றுப் பிழிந்தது என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இனிப்பாகத்தான் இருக்கும், ஆனால் புளிக்கத் தொடங்கியிருக்கும். கண்முன்னே பிழிந்ததை மட்டும் குடியுங்கள்.

இதற்கு மேல் ஒரு நாள் மிச்சமிருந்தால் தாவித் கரேஜா குகை மடம். ஆறாம் நூற்றாண்டில் பாறையில் குடையத் தொடங்கியது, புல்மட்டும் முளைக்கும் வறண்ட வெளி. அஜர்பைஜான் எல்லைத் தகராறால் மலைமுகட்டின் ஓவியக் குகைகளுக்கு 2019 முதல் போக முடியவில்லை. கீழே உள்ள மடம் திறந்திருக்கிறது. முழங்கால் வலி இருந்தால் இதை விட்டுவிடலாம்.

போக்குவரத்துக்கு, மூன்று பேர் என்பதால் ஓட்டுநரோடு கார் எடுத்துக்கொள்ளுங்கள், பங்கிட்டால் அதிகமாகாது. மகள் தனியாகத் தோழிகளோடு போவதானால் சம்கோரி மெட்ரோ பக்கமிருந்து சிக்னாகிக்கு மர்ஷ்ருத்கா என்ற சிற்றுந்து போகிறது. பல கிராமங்களில் கார்டு செல்லாது, ஜார்ஜியப் பணமான 'லாரி'யை நோட்டாகக் கையில் வையுங்கள். இரவில் குளிரும், ஒரு ஸ்வெட்டர் போதும்.

ஊருக்குச் சுர்ச்ஹேலா வாங்கி வருவீர்கள் அல்லவா? செப்டம்பரில் கிடைப்பது புதுசு, உள்ளே ஈரம் இருக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூத்துவிடும். பருத்தித் துணியில் சுற்றி, ஊர் வந்ததும் ஒரு வாரம் நிழலில் தொங்கவிடுங்கள். மகளிடமும் ஒன்று சொல்லி வையுங்கள். நீங்கள் தங்கிய வீட்டின் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு, வசந்தத்தில் பானை திறக்கும் நாளில் அவள் ஒருமுறை போய்வரட்டும். நீங்கள் வெட்டிப்போட்ட திராட்சை என்ன ஆயிற்று என்று பேபியா அவளுக்குக் காட்டுவார்.